பின்கதவை நனைத்த பூனை

காயடித்த கடுவனுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ! இரண்டு வருஷமாக மணல் தட்டைத் தவிர வேறெங்கும் ஒன்றுக்குப் போகாத பப்லு, ஒரு வாரமாகப் பின்கதவில் சர்ரென்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. பினாயில் ஊற்றிக் கழுவினாலும் மறுநாள் விடிகாலையில் அதே இடம், அதே நாற்றம். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு அது. ஒற்றை அறை, ஓர் அடுப்படி. நாற்றம் சோற்றுப் பானைவரை வந்துவிட்டது.

பிச்சைமணிக்குப் பொறுமை போய்விட்டது. டீ ஃபாக்டரி வேலை முடிந்து காலையில் வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் பூனையைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினான். டவுன் மார்க்கெட்டில் விட்டால் மீன்தலை தின்று பிழைத்துக்கொள்ளும் என்றான். ராமலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைக்குப் பிள்ளையாக வளர்த்ததாயிற்றே. புருஷன் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள், ஆபரேஷன் செய்த ஜோபி டாக்டருக்கு போன் போட்டாள்.

உட்கார்ந்து போகிறதா, நின்றுகொண்டா என்று டாக்டர் கேட்டார். நின்றுதான், வால் நடுங்க நடுங்க, என்றாள். அப்படியானால் அது பயத்தில் செய்கிறது, வெளியே வேறு பூனை வந்து போகும், இது என் வீடு என்று அடையாளம் வைக்கிறது, காயடித்தாலும் சிலதுக்கு அந்தக் குணம் போகாது என்றார்.

"இங்க வேற பூனையே இல்லையே சார்."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. பூனை மட்டுமா இல்லை? போன மாதம்வரை லயத்தில் நாலு நாய்கள் குரைத்தன. ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. டவுனுக்கு ஓடியிருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவளும் சேர்ந்துதான் பேசினாள்.

திரும்பினாள். பின்கதவு திறந்து கிடந்தது. ஆறு வயசு மகள் கிருத்திகா பல் தேய்க்கப் போகிற நேரம்.

ஓடினாள். பனியில் தேயிலைச் செடிகள்கூடத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே வாய் நிறைய நுரையோடு பிள்ளை நின்றாள். அவள் காலடி ஈரமண்ணில், ராமலட்சுமியின் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். அதில் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கத்தவும் பயமாக இருந்தது. பிள்ளையை வாரிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவசரத்தில் தாழ்ப்பாள் இரண்டு தடவை நழுவியது.

"சிறுத்த வந்துருக்குங்க," என்றாள். "அதத்தான் இது ஒரு வாரமா சொல்லிக்கிட்டு இருந்துருக்கு."

பிச்சைமணி சாக்கை அவிழ்த்தான். பப்லு மயிர் சிலிர்த்து நேரே பின்கதவுக்குப் போய் வாலைத் தூக்கியது. கதவில் வழிந்தது தரைக்கு வந்தது. யாரும் பினாயிலை எடுக்கவில்லை.

வெளியே, தொட்டிமேல் கிருத்திகா விட்டுவிட்டு வந்த செம்பு உருண்டு விழுந்தது.