கீழே ஓடிய எழுத்து

“அக்கா, உங்க தெருவுல நின்ன தண்ணிதானே எங்க வூட்லயும் பூந்துச்சு? அப்புறம் இன்னாத்துக்குக்கா டிவில எங்கள மட்டும் ஆக்கிரமிப்புன்னு போடறான்?” என்று அருள்மேரி கேட்டபோது, “அது அப்படித்தான் போடுவாங்க மேரி, நீ அந்தக் குக்கரைத் தேய்” என்றுதான் ரோஹிணிக்குச் சொல்ல வந்தது... மூன்று வாரமாகிறது, இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தோசைக்கல் முன்னால் நிற்கும்போதும் அது உறுத்துகிறது, பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு அவ்வளவுதானா பதில்? வெள்ளத்தன்று மைக்கோடு வந்த பெண் முதலில் இந்த வாசலுக்குத்தான் வந்தாள், முழங்கால் தண்ணீரில் நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோஹிணி புலம்பியதற்குக் கீழே ‘தத்தளிக்கும் குடும்பங்கள்’ என்று எழுத்து ஓடியது, அடுத்த நிமிஷமே ஏரிக்கரை, தலையில் கேஸ் சிலிண்டரோடு அருள்மேரி, அவளுக்குக் கீழே சிவப்பில் ‘ஏரியை விழுங்கியவர்கள்’... ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்த மனையை வாங்கியபோது, இங்கேயும் ஒரு காலத்தில் ஏரித்தண்ணீர் நின்றதென்று போர்வெல் போட வந்தவர் சொல்லவில்லையா, ரோஹிணி அதை எப்படி மறந்தாள்? மறந்ததோடு விட்டாளா, ஒரு வாரம் அதே படம், அதே சிவப்பு எழுத்து, கடைசியில் ஏரிக்கரை வீடுகளை இடிக்கச் சொல்லும் அசோசியேஷன் மனுவைக் கணவர் நீட்டியதும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். ‘மேரி வீட்டுப் பக்கம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் எப்போது ‘ஆக்கிரமிப்புப் பக்கம்’ என்று சொல்லப் பழகியது?

ஹாலில் கணவர் சத்யநாராயணன் மனுவை மடித்துக் கவரில் போடுகிறார், நாளைக்குத் தாலுகா ஆபீசில் கொடுக்க வேண்டும். “அறுபத்திரண்டு கையெழுத்து, ரோஹிணி! மேடம் பேருதான் ஃபர்ஸ்ட்டு, டிவி ஸ்டாராச்சே” என்று சிரிக்கிறார்... நல்ல மனிதர், வெள்ளத்தில் மேரியின் பிள்ளைகளுக்குத் தன் போர்வையையே கொடுத்தவர், அவரிடம் என்னவென்று ஆரம்பிப்பது, ‘அவங்களும் பாதிக்கப்பட்ட மக்கள்தான்’ என்றா, அதுவும் செய்தி வாசிக்கிறவளின் குரலாகத்தானே வருகிறது, தனக்கென்று ஒரு சொல்கூட மிச்சமில்லையா... தோசை தீய்கிறது. ஒரு பேர் போனாலும் அறுபத்தொன்று இருக்கும், எதுவும் நின்றுவிடாது, மேரிக்கு இது தெரியக்கூடப் போவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஹாலுக்கு வந்து நிற்கிறாள்.

“என்னங்க... என் பேரை மட்டும் அடிச்சிடுங்களேன்.”