திருப்பி வைத்த இறால்

எங்கள் வீட்டிலிருந்து சாந்தோம் கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. அப்படியிருந்தும் என் கணவர் பவுல்சாமி இந்தப் பிப்ரவரியில் ஹாலுக்குள் இன்னொரு கடல் கட்டத் தொடங்கினார். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் முப்பத்தாறு வருடம் கடலைப் பார்த்தபடியே வேலை செய்தவர். போதவில்லை போலிருக்கிறது.

கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே, நாலு கேன் மொண்டுவந்து ஊற்றினால் ஆயிற்று என்று நான் சொன்னேன். அவரும் ஸ்கூட்டரில் கேனைக் கட்டிவிட்டார். திருவல்லிக்கேணியில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் தௌசீஃப்தான் போனிலேயே தடுத்தார். "நம்ம பீச் தண்ணில கால் நனைக்கவே யோசிக்கணும் சார். அதுல போய் மீன் விடுவீங்களா?" ஆகவே சுத்திகரித்த தண்ணீர் வந்தது. வாளி வாளியாக உப்புத்தூள் வந்தது. உப்பு சரியான அளவில் இருக்கிறதா என்று கண்ணில் வைத்துப் பார்க்க ஒரு கருவி வந்தது. கூடவே ஒரு ஹீட்டரும் வந்தது. சென்னைக்கு ஹீட்டர்! அதைத் தௌசீஃபே சிரித்துக்கொண்டு திருப்பி எடுத்துப்போனார்.

ஹீட்டருக்குப் பதில் ஹாலில் ஏ.சி. ஓடியது. கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் எனக்காக ஒரு மதியமும் ஏ.சி. போடாத மனிதர், ஒரு மீன்கூட இல்லாத வெறும் தண்ணீருக்கு இருபத்தாறு டிகிரி வைத்தார். நான் அந்தக் குளிரில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்தினேன். குறை சொல்லவில்லை.

குறை சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஓய்வு பெற்றபின் ஒன்பது மாதம் அவர் சன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் ஒரு கழிவுநீர்க் குழாயும்தான். நடுவில் மொட்டைமாடியில் தக்காளி வைத்தார், காய்ந்தது. கீபோர்டு வாங்கினார், ஒரே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு, அதுவும் பாதி. ரொட்டி சுடும் மெஷின் வாங்கினார், அதில் இப்போது நான் வெங்காயம் போட்டுவைக்கிறேன். ஒவ்வொன்று நின்றபோதும் அவர் நாற்காலியில் உட்காரும் நேரம் கூடியது, பேச்சு குறைந்தது. கேட்டால் "ஒண்ணுமில்ல ஃப்ளோரா" என்பார். எனக்குப் பயமாக இருந்தது. தொட்டி வந்த அன்று அவர் சொன்னார்: "இதுவும் வரலேன்னா, இனிமே எதையும் தொடமாட்டேன்." விளையாட்டாகச் சொன்னதுபோல் இல்லை.

தொட்டியை எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் திரு இருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே வைத்தோம். அந்தச் சுவரில்தான் பிளக் பாயின்ட் இருந்தது. தௌசீஃப் பாறைகளை அடுக்கி, மோட்டாரை ஓடவிட்டு, கை துடைத்துக்கொண்டார். "நாளன்னிக்கு எங்களுக்கு ரம்ஜான் நோன்பு ஆரம்பம் சார். பெருநாள் முடிஞ்சு வந்து பாக்குறேன். அதுவரைக்கும் சபர். பொறுமை." எங்களுக்கோ மறுநாளே தவக்காலம் தொடங்கியது.

அன்று இரவுச் சாப்பாடு இறால் தொக்கு. தவக்காலத்துக்கு முந்தின கடைசி அசைவம். மறுநாள் திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டர்வரை என் வீட்டுக்குள் மீன், முட்டை, கறி எதுவும் நுழையக் கூடாது. திருச்சபைச் சட்டம் இதைவிடத் தளர்வானதுதான். இது என் அம்மா வீட்டுச் சட்டம். திருச்சபை மன்னித்தாலும் என் அம்மா மன்னிக்கமாட்டார்.

தொக்குக்கு ஆயும்போது பவுல்சாமி தலையும் ஓடுமாக ஒரு இறாலைக் கேட்டு வாங்கித் தொட்டிக்குள் போட்டார். போட்டுவிட்டுப் பத்து நிமிடம் விளக்கினார். இறால் அழுகும். அழுகினால் அமோனியா என்ற விஷம் தண்ணீரில் ஏறும். அந்த விஷத்தைத் தின்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வந்து பாறையில் குடியேறும். அவை பெருகி, விஷம் வரவர உடனுக்குடன் தின்று தீர்க்கும் நிலைமை வந்தால்தான் மீன் விடலாம். அதற்கு ஏறக்குறைய நாற்பது நாள். ஈஸ்டருக்கு இரண்டு கோமாளி மீன்.

இப்போது இது எனக்கு மனப்பாடம். அன்று என் காதில் விழுந்தது "நாப்பது நாள்" மட்டும்தான். கையில் விடைத்தாள் இருந்தது. "உம்" கொட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பில் கவனிக்காத பிள்ளைகளை இருபத்தெட்டு வருடமாக வெளியே நிறுத்துகிற டீச்சர் நான்.

மறுநாள் காலை அவர் பூசைக்குப் போயிருந்தார். நான் ஹாலைப் பெருக்கினேன். நிமிர்ந்து பார்த்தால், ஆண்டவர் படத்துக்குக் கீழே, பளீரென்ற நீல வெளிச்சத்தில், ஒரு இறால் வெளுத்து ஊதிப்போய்க் கிடக்கிறது. திருநீற்றுப் புதனில்! மீன் இல்லாத தொட்டியில் யாருக்கு இந்தச் சாப்பாடு? இட்லி எடுக்கும் இடுக்கியால் அதை வெளியே எடுத்தேன். செய்தித்தாளில் சுற்றி, மதில்மேல் இருந்த பூனைக்குப் போட்டேன். இடுக்கியை இரண்டுமுறை கழுவினேன். சரியான காரியம் செய்த திருப்தியில் அன்று முழுவதும் மனம் லேசாக இருந்தது.

சாயங்காலம் அவர் தொட்டிக்குள் டார்ச் அடித்துத் தேடினார். "என்ன ஃப்ளோரா, அதுக்குள்ள கரைஞ்சுபோச்சு!" என்றார் சந்தோஷமாக. நான் விடைத்தாளிலிருந்து நிமிராமல் இதற்கும் "உம்" கொட்டினேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கோயில் பாடகர் குழுவில் இருக்கும் ஷெரில், என் பழைய மாணவி, பேக்கரி வாசலில் முட்டை பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். விடுவேனா? "நாக்கை நாப்பது நாள் அடக்கத் தெரியாதா?" என்று ரோட்டிலேயே வைத்துக் கேட்டேன். அவள் பாதி பஃப்ஸோடு தலைகுனிந்து நின்றாள். இது பின்னால் எனக்கே திரும்பி வந்தது.

பவுல்சாமி தினம் காலை ஏழு மணிக்குத் தண்ணீரைச் சோதித்தார். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர், அதில் மருந்து சில சொட்டு, குலுக்கிவிட்டு ஐந்து நிமிடம். அமோனியா இருந்தால் பச்சையாகும். இல்லாவிட்டால் மஞ்சள். முதல் வாரம் "இன்னிக்கும் மஞ்சள்" என்று சமையலறைவரை வந்து சொன்னார். இரண்டாம் வாரம் ஹாலிலிருந்து சொன்னார். மூன்றாம் வாரம் நான் கேட்டால் சொன்னார். "எலுமிச்சம்பழச் சாறு மாதிரி அழகாத்தானே இருக்கு?" என்று கிண்டல் செய்தேன். சிரித்தார், பாதிதான். நான்காம் வாரம் குழாயை அலமாரியில் வைத்துவிட்டு, சன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

தௌசீஃப் பெருநாள் முடிந்து, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தின் திங்கட்கிழமை வந்தார். நான் டீ எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வரும்போது அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இறால் போட்டீங்களா சார்?"

"போட்டேனே. ஒரே நாள்ல கரைஞ்சிடுச்சு."

"ஒரே நாள்லயா? ஓடு, தலை எல்லாமா? வாய்ப்பே இல்ல சார். அது நாறி நாறி ரெண்டு வாரம் கிடக்கணும். இறாலே இல்லாம வெறும் தண்ணி ஓடுது, எப்படி விஷம் ஏறும்? விஷம் இல்லாம கிருமி எதைத் தின்னு வளரும்?"

தட்டில் டீ தளும்பியது. நான் தௌசீஃபைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தால் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு போட்டுப் பாக்கலாம் சார், ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார் தௌசீஃப்.

"வேணாம் தம்பி. என் கையில எதுவும் நிக்கமாட்டேங்குது. ஈஸ்டருக்கு மறுநாள் ஆளோட வந்து தொட்டியை எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் பவுல்சாமி. கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். டீயை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். அவருடைய நாற்பது நாள் பொறுமையையும் ஒரு பூனைக்குத் தூக்கிப் போட்டதுபோல் இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஃபாதர் வெளியே சொல்லக் கூடாது. நான் சொல்லலாம். புதன் சாயங்காலம் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே இருமல்போல் ஏதோ கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ஏம்மா, அந்த இறால் உங்களுதா?"

"அவர் தொட்டிக்குப் போட்டது ஃபாதர்."

"அப்போ திருட்டுலதான் வரும். மூணு அருள்நிறை மந்திரம் சொல்லுங்க. ஆனா திருடினதைத் திருப்பிக் குடுக்கணும்மா. அதுதான் முக்கியம்."

"இப்பவேவா ஃபாதர்? ஞாயித்துக்கிழமை ஈஸ்டர். அதுவரைக்கும் வீட்டுல அசைவம்..."

"திருப்பிக் குடுக்குறதுக்கு நாள் நட்சத்திரம் பாக்கக் கூடாதும்மா" என்றார் ஃபாதர்.

ஆகவே பெரிய வியாழன் காலை ஏழரை மணிக்கு நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட்டில் நின்றேன். சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டிருந்தேன். என்ன போட்டு என்ன? எனக்கு வருடக்கணக்கில் மீன் தரும் முத்துலட்சுமி பத்துக் கடை தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னா டீச்சரம்மா! நாப்பது நாளு இந்தப் பக்கமே வரமாட்டே, இன்னிக்கு இன்னா முக்காடு போட்டுக்கினு வந்துகீறே?"

"மெதுவாப் பேசு. ஒரு இறால் குடு."

"ஒரு கிலோவா?"

"ஒண்ணே ஒண்ணு."

அவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள். "எக்கா, இங்க பாரேன். டீச்சரம்மாவுக்கு ஒத்த இறால் ஓணுமாம். நோன்பு முடியறவரைக்கும் மோந்து பாத்துக்கினு இருக்கப் போவுதா?" இரண்டு வரிசைக் கடையும் சிரித்தது. நல்ல பெரிய இறாலாக ஒன்றைப் பொறுக்கி, "துட்டு வேணாம், எடுத்துக்கினு போ" என்று பையில் போட்டுக் கொடுத்தாள்.

திரும்பினால் ஸ்கூட்டரில் ஷெரில். கோயில் அலங்காரத்துக்கு மடி நிறையப் பூ வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பை கண்ணாடிபோல் உள்ளே இருப்பதையெல்லாம் காட்டியது.

"குட் மார்னிங் டீச்சர்" என்றாள் மிகுந்த மரியாதையோடு. "பஃப்ஸ் ஏதாச்சும் வேணுமா? வர்ற வழிதான்."

என் வாழ்நாளில் இப்படிப்பட்ட ஒரு தபசு செய்ததில்லை.

வீட்டில் அவர் நாற்காலியில் இருந்தார். முன்னால் போய் நின்று, பையைக் கையில் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இடுக்கி, செய்தித்தாள், மதில், எதையும் விடவில்லை.

"பூனைக்கா?"

"பூனைக்குத்தாங்க."

"நாப்பது நாளா மஞ்சளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் ஃப்ளோரா. என் கைதான் ராசியில்லேன்னு நெனச்சேன். நீ பக்கத்துல நின்னு எலுமிச்சம்பழச் சாறுன்னு சொன்னே." எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நானே இறாலைத் தொட்டிக்குள் போட்டேன். அன்றும் மறுநாளும் அவர் என்னோடு பேசவில்லை, தொட்டிப் பக்கம் திரும்பவும் இல்லை. பெரிய வெள்ளிச் சிலுவைப் பாதைக்கு இரண்டுபேரும் சேர்ந்துதான் போனோம், ஆளுக்கொரு பக்கம் நின்றோம். சனிக்கிழமை வீட்டில் லேசாக நாற ஆரம்பித்தது. எதிர் ஃப்ளாட்டிலிருந்து வந்து, சாக்கடை அடைப்பா என்று கேட்டார்கள். தவக்காலத்தில் என் வீட்டில், என் அம்மாவின் சட்டத்தை மீறி, ஒரு இறால் ஆண்டவர் படத்துக்குக் கீழே அழுகிக்கொண்டிருந்தது. அது நன்றாக அழுகவேண்டும் என்று நான் செபமாலை சொன்னேன்.

ஞாயிறு காலை மட்டனுக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் ஏதோ இழுபடும் சத்தம். அப்புறம் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு கூச்சல்.

"ஃப்ளோரா! விஷம் வந்துடுச்சு! விஷம் வந்துடுச்சு!"

ஈஸ்டர் காலையில் எங்கள் மாடி முழுவதற்கும் கேட்கும்படி. ஓடிப்போனேன். அவர் குழாயை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளே வெளிறிய பச்சை. கொத்தமல்லித் தண்டு நிறம். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். எதிர் ஃப்ளாட்டுக்காரர்கள் வாசலில் பயந்துபோய் நின்றார்கள். அவர்களிடமும் குழாயைக் காட்டினார்.

நான் பார்த்தது குழாயை அல்ல. பிரம்பு நாற்காலி சன்னலைவிட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்திருந்தது. அதை இழுத்த சத்தம்தான் முதலில் கேட்டது. அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் இஞ்சிக் காரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் தௌசீஃப் இரண்டு ஆட்களோடு வந்தார். வாசல் கதவில், துறைமுகத்து அறிவிப்புப் பலகைபோல் கொட்டை எழுத்தில், பவுல்சாமி கையால் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. "வேலை நடக்கிறது. இன்னும் நாற்பது நாள். மனைவி உட்பட யாரும் தொடக் கூடாது."

தௌசீஃப் அதை இரண்டுமுறை படித்துவிட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினார். உள்ளே வந்து உட்கார்ந்து டீ கேட்டார். நான் போட்டுக் கொடுத்தேன். ஹாலில் மூச்சுவிட முடியாத நாற்றம். யாரும் சன்னலைத் திறக்கவில்லை.