நாற்பத்திரண்டு படிவங்கள்

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு ஓர் உளவியல் ஆராய்ச்சியாளர் வந்தார். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான்கு நாள் எங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினார். நாங்கள் அவருக்கு 'ஆராய்ச்சி' என்றே பெயர் வைத்துவிட்டோம். படிப்பு மலையளவு, புத்தி கடுகளவு என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

அவரை வரவழைத்தது, என்னோடு அங்கேயே வேலை பார்த்த என் தங்கையின் புகார். எங்கள் சூப்பர்வைசருக்குப் பட்டப்பெயர் பூட்டு. பெண்கள் கழிப்பறைச் சாவி அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். போய்க் கேட்டால், "இப்பத்தானே போனே?" என்று எல்லார் காதிலும் விழும்படி சிரிப்பார். கேட்கக் கூசி அடக்கி அடக்கி, தங்கைக்கு இரண்டு தடவை சிறுநீரில் ரத்தம் போய்விட்டது. நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டாள். நிரூபணமானால் பூட்டுக்கு மாற்றல். இல்லையென்றால் பொய்ப்புகார் என்று இவளுக்கு வேலை போகும்.

ஆராய்ச்சி வந்த அன்றே கழிப்பறைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பூட்டின் வாயில் தேன் ஒழுகியது. "என்னம்மா, தண்ணி குடிச்சீங்களா?" என்று விசாரிக்கிறார், பாவி! ஈரப் போர்வையை உருளைக்குள் விட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆராய்ச்சியோ யார் எத்தனை முறை போய்வந்தார்கள் என்று கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மூட்டை தள்ளுகிற சாக்கில் பக்கத்தில் போய்க் கேட்டேன். "ஏன் சார், நீங்க இருக்கும்போது இப்படி. நீங்க இல்லாதப்போ?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா" என்றார்.

அந்த ஒரு சோற்றைப் பூட்டே பொறுக்கி எடுத்து வைத்திருப்பது இவருக்கு எங்கே தெரியப்போகிறது? இவருக்கு வெளுத்ததெல்லாம் பால்.

ஆனாலும் என் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நான்காம் நாள் ஆளுக்கொரு படிவம். 'நான் பார்த்துக்கொண்டிருந்ததால் இங்கே எதுவும் மாறியதா? ஆம், இல்லை.' பெயர் எழுத வேண்டாமாம், ரகசியமாம். நாற்பத்திரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்ப வாங்கி வைக்கும் பொறுப்பை யாரிடம் விட்டார் தெரியுமா? பூட்டிடம்! திருடன் கையில் சாவி கொடுத்த கதை. பூட்டு மேசை மேசையாக வந்து, தலைக்கு மேலே நின்று, மை காய்வதற்குள் பிடுங்கிக்கொண்டார். தங்கையுடையதை வாங்கும்போது மட்டும் சிரித்தார்.

சாயங்காலம் படியிறங்கும்போது அவள் கேட்டாள். "அக்கா, நீ ஆம்னுதானே போட்டே?"

"பின்னே? கூடப் பொறந்தவடி நான்."

மறுவாரம் தங்கையை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். ஆராய்ச்சி வரைபடமெல்லாம் விரித்து வைத்திருந்தார். ஆளுக்குச் சராசரியாக ஒரு நாளில் ஆறு தடவை போய்வருகிறார்களாம், கட்டுப்பாடே இல்லையாம். வாய்க்கு வந்தபடி திட்ட நாக்குத் துடித்தது.

"படிவத்துல நாப்பத்தொரு பேர் இல்லைன்னு போட்டிருக்காங்க. ஒருத்தர் மட்டும்தான் ஆம். ஒத்தைப் பதிலை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா சொல்றது?" என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "இன்னும் ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா, எல்லாரையும் வெளியே கூப்பிட்டுத் தனித்தனியா பேசிப் பாத்திருப்பேன்" என்றார்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். நான் மேசைமேல் கிடந்த குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு சம்பளமாவது மிஞ்சட்டும் என்றுதான் அப்படிப் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். த்தூ, அதைக்கூடச் சொல்லத் துப்பில்லை எனக்கு.

மறுநாள் அவள் மேசை காலி. கழிப்பறைக் கதவு பழையபடி சாத்திக் கிடந்தது. பத்தரை மணி வரை தாக்குப்பிடித்தேன். பிறகு அந்த ஆளின் முன்னால் போய் நின்று, "சார், சாவி" என்றேன்.

"இப்பத்தானே போனே?" என்று உரக்கச் சிரித்தார். மற்ற நாற்பது பேரும் தலைகுனிந்து போர்வை மடித்துக்கொண்டிருந்தார்கள்.