கடல் பார்க்காதவர்களுக்குப் பாதி விலை

1

இந்தக் கதை ஊட்டியில் ஒரு டிக்கெட் கவுண்டர் முன்னால் பிறந்தது. சீசன் முடிந்து டூரிஸ்ட்டுகள் எல்லாம் கீழே இறங்கிவிட, மழை மட்டும் தங்கிவிட்ட வாரம். மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டு ‘வெப்பமண்டலக் கடல் பூங்கா’ என்று பலகை வைத்திருந்தார்கள். பலகைக்குக் கீழே வாட்ச்மேன் குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக நடுங்கிக்கொண்டிருந்தார். நுழைவுக் கட்டணம் இருநூறு ரூபாய். படித்தேன், திரும்பிவிட்டேன். ஆகவே இந்தக் கதையில் மீன் கிடையாது. மீனுக்காக வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

2

முதல் வரி: ‘நீலத்தின் ஆழ்ந்த மௌனத்தில் பவளங்கள் தம்

(கவுண்டரையே தாண்டாதவனுக்குப் பவளம் எதற்கு? அடித்துவிட்டேன்.)

வேறு முதல் வரி: ‘ஹெர்பர்ட் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தார்.’ இது பரவாயில்லை. டிக்கெட் ஆளுக்கு நூறுதான் இருக்கும் என்று நினைத்து மனைவியோடு வந்தவர். பஸ் காசு போகப் பையில் இருந்தது இருநூறு.

ஹெர்பர்ட் குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்ச்சில் அவருக்குக் ‘கடல் ஹெர்பர்ட்’ என்று பெயர். வாலிபத்தில் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொள்வார். ஞாயிறு பள்ளியில் திமிங்கலம் வருகிற பாடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். நிஜத்தில் அவர் பர்லியாரைத் தாண்டி மலையை விட்டு இறங்கியது ஒரே ஒரு தடவை, மேட்டுப்பாளையத்தில் பல் பிடுங்கிக்கொள்ளத்தான்.*

அவர் மனைவி தபித்தாளுக்கு ஓர் ஆமையைப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் வர்ணித்த ஆமை. அதன் முதுகில் ஏறிச் சவாரி போனதாகச் சொல்லியிருந்தார்.

* கடைவாய்ப் பல். கதைக்குத் தேவையில்லை, ஆனால் இந்தக் கதையில் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

3

கூட்டம் இல்லாததால் பூங்காக்காரர்கள் ஒரு சலுகை அறிவித்திருந்தார்கள். கடலைப் பார்க்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பாதி விலை. அத்தாட்சி எதுவும் வேண்டாம். கவுண்டரில் இருக்கிற மைக்கில், பேர் சொல்லி, “நான் கடலைப் பார்த்ததில்லை” என்றால் போதும். மைதானம் முழுக்கக் கேட்கும். விளம்பரத்துக்கு விளம்பரம்.

நெல்லியாளத்திலிருந்து வந்த கொழுந்து பறிக்கிற பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

“ஏனுங்க கடல்!” என்றார் வரிசையில் பின்னால் நின்ற சில்வஸ்டர். சர்ச்சில் ஹெர்பர்ட்டுக்குப் பின்பெஞ்சு. முப்பது வருஷமாக அவர் பிடரியைப் பார்த்து வயிறெரிகிறவர். “உங்களுக்கென்னங்க, உள்ளே இருக்கறதெல்லாம் உங்க பழைய கூட்டாளிங்கதானே!”

ஹெர்பர்ட் மனைவி பக்கம் திரும்பினார். “நீ அரை டிக்கெட்ல போய்ப் பாத்துட்டு வா தபித்தா. நான் பாக்காததா?”

“தனியாப் போயி எது என்ன மீனுன்னு யாரைக் கேக்கறது? நீங்க வந்தாத்தான் நானு. இல்லீன்னா ஊட்டுக்குப் போலாம், வாங்க.”

(சில்வஸ்டரிடம் நூறு ரூபாய் கைமாற்றுக் கேட்கலாமே என்பீர்கள். அதற்கு மைக்கே தேவலை.)

4

முடிவு அ: கரண்ட் போய்விடுகிறது. எழுதுகிறவனுக்கு இக்கட்டு வரும்போதெல்லாம் கதையில் கரண்ட் போகும். வேண்டாம்.

முடிவு ஆ: தபித்தாள் கவுண்டருக்குள் தலையை நீட்டி, “இவரு பாத்திருக்காருங்க தம்பி. ஆனா மறந்துபோச்சு. அரை டிக்கெட் போடுங்க” என்கிறாள்.

“மறந்தவங்களுக்குச் சலுகை கிடையாதுங்கம்மா.”

இதை வெட்ட மனசு வரவில்லை. இது நடந்ததாகவே வைத்துக்கொள்வோம். அவள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, ஹெர்பர்ட்டும் யோசித்துவிட்டார்.

5

அவர் குல்லாயைக் கழற்றினார். சர்ச்சுக்குள் தவிர வேறெங்கும் கழற்றாத குல்லாய். மைக்கை நோக்கிக் குனிந்தார்.

“ஹெர்பர்ட். குன்னூர். நான்... கடலைப் பார்த்ததில்லை.”

தகரத்தில் மழை கொட்டியது. தோளை ஒட்டி நின்ற தபித்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப அந்த ஆமை?”

“அதையுந்தான்.”

“என்னங்க சொன்னாரு?” என்று பின்னாலிருந்து சில்வஸ்டர் எட்டிப் பார்த்தார்.

கவுண்டர் பையன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான். “சாரி சார். ஈரத்துல மைக் நின்னுபோச்சு. இப்ப வந்துருச்சு. இன்னொருக்கா, கொஞ்சம் சத்தமாச் சொல்லிருங்க.”

தபித்தாள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அவர் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் தள்ளப் பிடித்தாளா, பின்னால் இழுக்கப் பிடித்தாளா என்று இந்த எழுதுமேஜையிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் வரிசையில் சில்வஸ்டருக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். அவர் இரண்டாம் தடவையும் சொல்லி, இரண்டு பேரும் உள்ளே போனார்களானால், ஆமை இருந்ததா என்று எனக்கும் வந்து சொல்லுங்கள். நானே பாதி விலைக்குப் போகலாமே என்கிறீர்களா? கடலைப் பற்றி இரண்டு நாவல் எழுதியிருக்கிறேன் ஐயா. மைக்கில் எப்படிச் சொல்வது?