டாஸில் விழுந்த தூக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அமெரிக்காவில், பிளானோ நகரில், டால்வே என்கிற சுங்கச்சாலையில், என் அக்கா மகள் யாமினியின் காரில் பிறந்தது. அவள் ஐசியூ டாக்டர். ஜூனியர்களுக்காக ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறாள், வாராவாரம் பட்டிமன்றம். அன்றைய தலைப்பு: வென்டிலேட்டரில் இருப்பவரை நன்றாகத் தூங்க வைப்பதா, லேசாக விழித்திருக்க விடுவதா? கார் ஸ்பீக்கரில் ஓடிய பதிவில் யாமினி தூக்கத்தின் பக்கம் நின்று வெளுத்து வாங்கினாள்.

"நிஜமாவே அப்படி நம்பறியா?"

"சேச்சே! டாஸ் போட்டோம் மாமா. எனக்கு அந்த சைடு விழுந்தது. பசங்க ரெண்டு பக்கமும் யோசிக்கணும்ல?"

கிடைத்தது கதை.

2

கறுப்புக் கையுறை உருவம் ஒன்று, குளோரோஃபார்ம் கைக்குட்டையோடு ஐசியூவுக்குள்—

(அடித்துவிட்டேன். "கர்ச்சீஃபை மூக்குல வச்ச உடனே யாரும் மயங்க மாட்டாங்க மாமா. எத்தனை தொடர்கதைல இப்படி ஊரை ஏமாத்தியிருக்கீங்க!")

3

சரி, கொலை வேண்டாம். சுவாமிநாதன். நிமோனியா. வென்டிலேட்டர். பக்கத்தில் மனைவி ருக்மிணி. எல்லாம் கற்பனை, தன் நோயாளிகள் பற்றி யாமினி மூச்சு விடமாட்டாள். டாக்டர் மட்டும் யாமினியேதான். வேறு பெயர் வைத்தால் கோபித்துக்கொள்வாள்.

"ஆன்ட்டி, லங்ஸ் நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்கு. இன்னிக்குத் தூக்க மருந்தை ஸ்டாப் பண்ணி எழுப்பிப் பாக்கலாம்."

"வேண்டாம்மா. தூங்கறதுதான் நல்லதுன்னு நீதானே பாட்காஸ்ட்ல சொன்னே?"

"ஐயோ, அது டாஸ் ஆன்ட்டி!"

"டாஸா? எங்காத்துக்காரர் என்ன கிரிக்கெட் மேட்சா?"

4

ருக்மிணி மேல் எனக்குச் சந்தேகம். ஏன் தடுக்கிறாள்? இன்ஷூரன்ஸா? கள்ளக் காதலா? (முழங்கால் வலியோடா?)

விசாரித்தேன். குற்றம் உண்டு. அவருடைய பிரியமான, சாய்ந்து படுக்கிற ரிக்ளைனர் நாற்காலியை, ஆள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். தூங்குகிறவர் காதில் அதைச் சொல்லியும்விட்டாள்.

"மயக்கத்துல இருக்கறவாளுக்குக் காது கேக்குமா யாமினி?"

"கேக்கலாம் ஆன்ட்டி. அதுலயும் ரெண்டு கட்சி இருக்கு."

இதோடு முடித்திருந்தால் நகைச்சுவைத் துணுக்கு. ஆனால் ருக்மிணி நான் எழுதிக்கொடுக்காத வசனத்தைப் பேசினாள்.

"நாற்காலி கெடக்கட்டும்மா. இப்ப யார் போன் பண்ணினாலும் 'தூங்கறார்'னு சொல்றேன். மருந்தை நிறுத்தினப்புறமும் கண்ணைத் திறக்கலேன்னா, அதுக்கு என்ன பேர் சொல்றது?"

யாமினி ருக்மிணியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நானும் இங்கேயே நிக்கறேன் ஆன்ட்டி," என்றாள்.

ருக்மிணி தலையை ஆட்டினாள். மருந்து நின்றது.

5

முடிவு அ: சுவாமிநாதன் சட்டென்று கண் திறந்து, "என் நாற்காலி எங்கேடி?" என்று—

("சட்டுனு எல்லாம் கிடையாது மாமா. மணிக்கணக்கா ஆகலாம். வாய்ல ட்யூப் வேற இருக்கு. நோ டயலாக்!")

முடிவு ஆ: சுவாமிநாதன் கண்களை—

(மாட்டேன். எத்தனையோ பேரைக் கூசாமல் கொன்ற கைதான். இவரை முடியாது.)

ருக்மிணி அவர் காதருகே குனிகிறாள்.

"ஏன்னா, நாற்காலியைத் திருப்பி வாங்கிண்டு வந்துடறேன். கேக்கறதா?"

இடது புருவம் அசைந்ததோ? நான் இருக்கும் இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. வாசகரே, நீங்கள்தான் கட்டிலுக்கு அருகில் நிற்கிறீர்கள். பெயர் தெரியுமே, சுவாமிநாதன். கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுங்கள்.