நாற்பத்தொன்றாம் குழாய்

தங்கையின் கையில் ஊசியை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் என்ன என்று பெரியவளுக்குத் தோன்றியது. அழுத்தவில்லை. பதினோரு வருடமாக ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் கை, மனம் சொல்கிறபடியெல்லாம் ஆடாது.

"வலிக்கவே இல்லக்கா," என்றாள் சின்னவள். அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். வீட்டில் மூன்று வயதில் ஒரு வாண்டு வேறு.

பெரியவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். சினைமுட்டை சரியாக வெளிவருவதில்லை. ஹார்மோன் ஊசி போட்டு மூன்று சுற்று முயன்றும் ஒன்றும் ஆகவில்லை. நான்காவதோடு நிறுத்திக்கொள்வோம், உன் உடம்பு படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று கணவன் சொல்லிவிட்டான்.

அவளுடைய ஆய்வகத்தில் நடந்ததும் இதே ஆராய்ச்சிதான். முட்டையை வளர்க்கச் சொல்லி மூளையடியிலிருந்து ஒரு ஹார்மோன் வரும். அதை வாங்கிக்கொள்ள முட்டைப்பையில் ஏற்பி என்று ஒன்று உண்டு. அதன் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால் சிலருக்கு அந்த ஏற்பி காது மந்தமான ஆளைப் போல ஆகிவிடும். இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். முட்டைச் சிக்கல் உள்ளவர்களின் ரத்தம் நீலத் தட்டில். சிகிச்சை இல்லாமல் பிள்ளை பெற்றவர்களின் ரத்தம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வெள்ளைத் தட்டில். நீலத்தில் ஏழாம் குழாய் அவளுடையது.

வெள்ளைத் தட்டுக்குத் தங்கையை அழைத்ததும் அவளேதான். ஒரே அப்பா, ஒரே அம்மா. நல்ல எழுத்து மட்டும் இவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள். வயிற்றெரிச்சலுக்கும் தீனி வேண்டுமே.

படிவத்தை அவரவர் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும் என்பது விதி. பெரியவள் பேனாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சிகிச்சை ஏதாவது எடுத்தியா? உனக்கெல்லாம் எதுக்கு, உன் புருஷன் தும்மினாலே கரு நின்னுடுமே."

சின்னவள் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். "இல்லக்கா."

பெரியவள் 'இல்லை' என்பதற்கு நேரே ஒரு டிக் அடித்தாள். சின்னவளின் ரத்தம் நாற்பத்தொன்றாம் குழாய் ஆயிற்று.

அடுத்த வாரம் திரையில் முடிவு வந்தது. நல்ல எழுத்துக்குப் பச்சைப் புள்ளி, மாறிய எழுத்துக்குச் சிவப்பு. ஏழாம் குழாய் சிவப்பு; அது அவள் எதிர்பார்த்ததுதான். நாற்பத்தொன்றும் சிவப்பு. குழாய் மாறிவிட்டதோ என்று முதலிலிருந்து மறுபடி செய்து பார்த்தாள். மறுபடியும் சிவப்பு.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதே கோளாறை வைத்துக்கொண்டு இவள் மட்டும் இரண்டாவதும் சுமக்கிறாளா? வேலை முடிந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் எனக்கும் ஒரே எழுத்துதான்டி. உனக்கு மட்டும் எப்படி நிக்குது?"

சின்னவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து நீட்டினாள். ஊருக்கு மறுகோடியில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியின் ஃபைல். இரண்டு சுற்று வீண். மூன்றாவதில் மருந்தின் அளவை ஒன்றரை மடங்காகக் கூட்டியிருந்தார்கள். தேதி நான்கு வருடத்துக்கு முந்தையது. பின்பக்கம் இப்போதைய குழந்தைக்கும் அதே அளவு.

"ஏன்டி மறைச்ச?"

"எனக்கும் நிக்கலைன்னு தெரிஞ்சா நீ சந்தோஷப்படுவியோன்னு பயமா இருந்துச்சு."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லப் பெரியவள் வாயைத் திறந்தாள். ஆனால் சந்தோஷப்பட்டிருப்பாள். அது அவளுக்கே தெரியும்.

"நின்னதும் சொல்லலாம்னு இருந்தேன். நான் மாசமா இருக்கேன்னு தெரிஞ்சதும் நீ எட்டு மாசம் எங்கிட்ட பேசல. உனக்கு ஊசி ஆரம்பிச்சிருக்காங்கன்னு அம்மா சொன்னாங்க. டோஸைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுன்னு சொல்றதுக்காக நாலு தடவை ஃபோன் பண்ணினேன். நீ எடுக்கவே இல்லக்கா."

பெரியவளுக்கு அந்த நான்கு அழைப்பும் ஞாபகம் இருந்தது. பெருமை பீற்றிக்கொள்ளக் கூப்பிடுகிறாள் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் போட்டுக்கொண்ட மூன்று சுற்றும் வழக்கமான, குறைந்த அளவில்தான்.

மறுநாள் காலை ஆய்வுத் தலைவரிடம் போய், நாற்பத்தொன்றின் படிவத்தைத் தான் நிரப்பியதாகவும் அது தப்பு என்றும் சொன்னாள். அவர் காய்ச்சி எடுத்துவிட்டார். வாங்கிக்கட்டிக்கொண்டு வந்து, வெள்ளைத் தட்டிலிருந்து குழாயை எடுத்து நீலத்தில் ஏழுக்குப் பக்கத்தில் செருகினாள். அப்போதும் உள்ளே ஒரு மூலையில் எரிந்தது. பாவி, நாலு வருஷம் முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டாளே.

பிறகு வெளித் தாழ்வாரத்துக்கு வந்து, தன் டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினாள். ஃபைலோடு தங்கையும் கூட வந்தால் நல்லது. அவள் எண்ணை அழுத்திவிட்டு, எடுக்காவிட்டால் அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் மணியிலேயே சின்னவள் எடுத்தாள். "சொல்லுக்கா."