ராஜா என்ன கேட்கிறார்

பிளாஸ்டர் போட்ட இடது காலை இரண்டு தலையணைகள் மேல் அரியணை ஏற்றி வைத்துக்கொண்டு, அண்ணன் தங்கைக்கு உத்தரவு போட்டார்.

"ஆறு வாரம் படுக்கைதான்னு சொல்லிட்டாங்க, வாண்டு. கைக்கு அடக்கமா ஒரு மெஷின்ல நல்ல ஜப்பான் கேம் ஒண்ணு பார்த்துப் போட்டுக் குடு. பழசா, கிளாசிக்கா இருக்கணும். படை சேர்த்துக்கிட்டு ஊர் ஊராப் போற கதை. அப்புறம், ஜப்பான் மொழியிலயே இருக்கணும். மொழிபெயர்த்தா ஆன்மா போயிடும்."

"படிக்க வருமாண்ணா?"

அண்ணன் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் கண்ணாலேயே காட்டினார். மூன்று மாத வகுப்பு. அதன் பிறகு ஐந்து நாள் ஜப்பான் பயணம், அதில் ஒன்றரை நாள் விமான நிலையம். அந்த மீதி மூன்றரை நாளை வைத்துக்கொண்டுதான் பத்து வருஷமாக ஊரிலுள்ள கம்பெனிக்கெல்லாம் ஜப்பானிய நிர்வாக நெறி போதித்து வந்தார். போன வாரம் ஒரு கூட்டத்தில் ஜப்பானிய முறைப்படி இடுப்பை வளைத்து வணங்கியவர், வளைந்த வாக்கிலேயே மேடையை விட்டு இறங்கிவிட்டார். கால் முறிந்த கதை அதுதான்.

தங்கைக்கு முப்பத்து மூன்று வயது. செல்போன் பழுதுபார்க்கும் கடை சொந்தமாக வைத்திருந்தாள். மூன்று நாள் மதிய நேரத்தில் கடையில் உட்கார்ந்து, பெண் பார்ப்பதுபோல ஒவ்வொரு கேமாகப் பார்த்தாள். முதலாவது, ஆடியவரைக்கும் அடிக்கு ஒரு தரம் தானாகவே பதிந்துகொண்டது. அவ்வளவு பொறுப்பு கூடாது என்று தள்ளினாள். இரண்டாவதில் நான்கு பேர் தனித்தனியே விளையாட நான்கு பதிவிடங்கள். தாராள மனசு, அதுவும் வேண்டாம். கடைசியில் மெஷினில் ஏற்றியது அவளுக்குத் தெரிந்த கேம். அண்ணன் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. ஒரே ஒரு பதிவிடம்தான் என்பதை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இந்த மாதிரி மெஷினில் நினைத்த இடத்தில் ஆட்டத்தை நகல் எடுத்து வைக்கும் வசதி உண்டு. மறக்காமல் அதையும் அணைத்தாள்.

பதினொரு வயதில் டிவிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து நாற்பத்தேழு மணி நேரம் அவள் விளையாடிய கேம் அது. ஜப்பான் எழுத்து ஒன்றும் தெரியாது. இரண்டு எழுத்து வந்தால் 'ஆமாம்', மூன்று எழுத்து வந்தால் 'இல்லை' என்று பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டாள். கடைசிக் கோட்டையின் கறுப்புக் கதவு வரை போய், திறப்பதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது, பதினெட்டு வயது அண்ணன் தன் நண்பர்களுக்கு "முதல்லேர்ந்து காட்டறேன்" என்று தொடங்கியிருந்தார். திரை ஒரு கேள்வி கேட்டது. அவர் இரண்டு எழுத்தை அமுக்கினார். நாற்பத்தேழு மணி நேரம் போயிற்று. அவள் அழுதாள். மானத்தை வாங்கிவிட்டாளாம், நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தார்.

அந்தக் கேள்வியை மட்டும் அவள் திரையில் மறுபடி வரவழைத்து, கோலம்போல நோட்டில் வரைந்து வைத்தாள். பிற்பாடு அகராதி பார்த்து அர்த்தம் கண்டுபிடித்தாள். 'பழைய பதிவு அழிந்துவிடும். பரவாயில்லையா?' அந்தக் கேமை அதற்கப்புறம் அவள் தொடவே இல்லை.

அண்ணன் விளையாடினார். ஒவ்வொரு வரிக்கும் அண்ணிக்கு விளக்கம் வேறு. "இந்தப் பெரியவர் கடமை உணர்ச்சியைப் பத்திச் சொல்றார், கவனி." பெரியவர் மூலிகை விற்றுக்கொண்டிருந்தார். அண்ணி தலையாட்டிவிட்டு டீயை வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை தங்கை போனபோது அண்ணன் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தாடி மழிக்காத முகத்தில் கண் மட்டும் பளபளத்தது.

"வாண்டு, இங்க பாருடி. என்னமோ கதவு."

கறுப்புக் கதவு. அறுபத்தொரு மணி நேரம் என்று திரையின் மூலையில் எழுதியிருந்தது. இத்தனை வருஷம் அவள் அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று நினைக்காத மாதம் இல்லை.

"தொறங்கண்ணா," என்றாள். குரல் பதினொரு வயசுக்குப் போயிருந்தது. அந்த நேரம் அவர் திறந்திருந்தால் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள் என்றுகூடத் தோன்றியது.

அண்ணன் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒருத்தி மட்டும் பார்க்கும் வெற்றி அவருக்குப் போதவில்லை. "நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. அவங்க முன்னாடி தொறக்கறேன்," என்று பதிந்து அணைத்தார்.

மறுநாள் அவள் கடையை அரை நாள் சாத்திவிட்டு வந்தாள். ஆள் வந்தால் அண்ணன் எதையும் முதலிலிருந்துதான் காட்டுவார், கல்யாண ஆல்பமானாலும் சரி, எக்ஸ்ரேயானாலும் சரி. இருபத்திரண்டு வருஷத்தில் பதவி மாறியிருந்தது, வழுக்கை வந்திருந்தது, இது மட்டும் மாறவில்லை.

நான்கு பேர் ஆப்பிள்களோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"முடிவை மட்டும் பார்த்தா உங்களுக்கு அருமை தெரியாது," என்றார் அண்ணன். "முதல்லேர்ந்து காட்டறேன்."

திரை கறுத்து, ஒரு வரி வந்தது. கீழே இரண்டு எழுத்து, மூன்று எழுத்து. அம்பு மூன்று எழுத்தின் பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்தது. கேம் செய்தவர்களுக்கு அவ்வளவாவது இரக்கம் இருந்திருக்கிறது.

"என்ன சார் கேக்குது?" என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

"ராஜா கேக்கறார். பயணத்துக்குத் தயாரான்னு."

"அப்ப ஆமாம்னு போடுங்க சார்!"

அண்ணன் அம்பை மேலே ஏற்றினார். ஏற்றியவர் ஒரு கணம் தயங்கினார். ஐந்து வாரத்தில் பார்க்காத வரி. தலையைத் திருப்பாமல், சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"என்ன வாண்டு, சரிதானே?"

அவள் டீத் தட்டோடு கட்டில் அருகில் நின்றிருந்தாள். நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். கறுப்புக் கதவு ஒரு தரம் கண்ணுக்குள் வந்து போயிற்று.

"எனக்கென்னண்ணா தெரியும்? சான்றிதழ் உங்களோடதுதானே."

நால்வரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். இரண்டு எழுத்தின் பக்கத்தில் அம்பு மின்னியது. பொத்தான் மேல் பதிந்த அண்ணனின் கட்டைவிரல் நகம், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கத் தொடங்கியது.